பெரியம்மாவுக்கு வந்தது எனக்கும் வருமா?

வாசகர் கடிதம் (சுருக்கி வெளியிடுகிறோம்)

டாக்டருக்கு வணக்கம். எங்களுடையது பாம்பன் தீவில் ஒரு மீனவக் குடும்பம். எனக்கு 31 வயது. கணவர் விசைப்படகில் போகிறவர். நான்கு மாதம் முழுகாமல் இருக்கிறேன். ஏப்ரலில் பிரசவம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

இரண்டு வருடமாக ஒரு சைக்கலாஜிக்கல் த்ரில்லர் நாவல் எழுதி வருகிறேன். கடலோரத்தில் ஒரு வீடு. வாடைக் காற்று அடிக்கிற ஒரு ராத்திரியில், காலில் அறுந்த சங்கிலியோடு ஒரு பெண் திரும்பி வருகிறாள். வீட்டில் இருப்பவர்களை ஒவ்வொருவராகக் கொல்கிறாள். அவள் அந்த வீட்டு அம்மாவின் அக்கா, இரட்டை மனம் கொண்டவள், குடும்பமே சேர்ந்து மறைத்துவைத்தவள் என்பது கடைசியில் தெரியவரும்.

இதில் பாதி கற்பனை இல்லை. அம்மாச்சி இறந்த பிறகு அவருடைய தகரப் பெட்டியைத் திறந்தேன். சாவி இல்லாத ஒரு பூட்டு துணியில் சுற்றி இருந்தது. இரண்டு பெண்கள் நிற்கும் பழைய போட்டோவில் ஒருத்தியின் முகம் சுரண்டப்பட்டிருந்தது. ஒரு குழந்தையின் வெள்ளி அரைஞாணும் இருந்தது. அம்மா எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டார். இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. நங்கூரச் சங்கிலி இழுபடும் சத்தம் கேட்டால் அம்மா காதைப் பொத்திக்கொள்வதை நான் சின்ன வயதிலிருந்தே பார்க்கிறேன்.

சென்ற வருடம் கோயில் அலுவலகத்தில் பழைய பதிவேடுகளைப் பிரதியெடுக்க உதவப் போனேன். அண்ணனின் ஞானஸ்நானம் 1987-ல். தாய் என்ற இடத்தில் வேறு பெயர். அம்மாவின் கல்யாணமே 1990-ல்தான். பக்கத்து வீட்டுப் பாட்டியை நச்சரித்ததில் இவ்வளவு சொன்னார்: "உங்க பெரியம்மா. பிள்ளை பொறந்து அஞ்சாம் நாள்லேருந்து தூங்கல. விடிய விடியப் பாடினா. அப்புறம், இது எம்பிள்ள இல்ல, மாத்திட்டாங்கன்னு கத்தினா. காத்து சேட்டைன்னு ஏர்வாடியில கொண்டுபோய் விட்டாங்க. அதைக் கிளறாத தாயி."

எனக்கும் ஒரு நினைவு இருக்கிறது. ஐந்து வயது. அம்மாச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு ஓலைக் கொட்டகைகளுக்கு நடுவே போகிறேன். சாம்பிராணி வாசம். ஒரு காலில் சங்கிலி. அந்தப் பெண் என்னிடம், "அவன் நல்லா இருக்கானா?" என்று கேட்கிறாள்.

எங்கள் வீட்டில் ஒரு கொலை நடந்திருக்குமோ என்று நினைக்கிறேன். 2001 ஏர்வாடி தீயில் அவள் போய்விட்டாளா? மனோவசியம் செய்து என் நினைவை முழுதாக வெளியே கொண்டுவர முடியுமா? கல்யாணமாகிப் பிள்ளைகளோடு இருக்கும் அண்ணனிடம் சொல்ல வேண்டுமா? நாவலை வெளியிடலாமா? அப்புறம் இன்னொன்று. எனக்கும் அப்படி வருமா?

மருத்துவரின் பதில்

அன்புத் தங்கைக்கு,

அடையாளங்கள் சிலவற்றை மாற்றித்தான் உங்கள் கடிதத்தை வெளியிட்டிருக்கிறோம். பயப்படாமல் படியுங்கள்.

நீங்கள் ஒரே வரியில் கடைசியாகக் கேட்டதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். பூட்டும் போட்டோவும் காத்திருக்கும். ஏப்ரல் காத்திருக்காது.

நேரில் பார்க்காத ஒருவருக்கு நோயின் பெயர் சூட்டுவது மருத்துவருக்கு அழகில்லை. ஆனாலும் அந்தப் பாட்டி சொன்ன நான்கு வாக்கியத்தைப் போன்ற தெளிவான விவரம் படித்தவர்கள் எழுதும் கடிதங்களில்கூட எனக்கு அபூர்வமாகத்தான் கிடைக்கும். பிள்ளை பிறந்த சில நாட்களில் தூக்கம் போகிறது. குழந்தை தூங்கினாலும் தாய் தூங்குவதில்லை. அளவுக்கு மீறிய உற்சாகம், பாட்டு, பேச்சு. பிறகு சந்தேகம், இது என் குழந்தை இல்லை என்ற உறுதி. ஒரு மணி நேரம் தெளிவு, அடுத்த மணி நேரம் குழப்பம். இதற்குப் பிரசவத்துக்குப் பிந்தைய மனப்பிறழ்வு என்று பெயர். ஆயிரம் பிரசவத்தில் ஒன்று அல்லது இரண்டில் வரும். பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்கிவிடும். நம் ஊர்களில் வலிப்பு, பிரசவக் காய்ச்சல், இது எல்லாவற்றையும் ஜன்னி என்ற ஒரே சொல்லுக்குள் போட்டுவிடுவார்கள். அந்தச் சொல்லுக்கும் அடங்காதபோது காத்து சேட்டை.

பயங்கரமான நோய்தான். தாய் தன்னையும் குழந்தையையும் காயப்படுத்திக்கொள்ளும் ஆபத்து இருப்பதால் ஒரு நிமிடம்கூடத் தனியே விடக் கூடாது. ஆனால் மனநோய்களில் மிக நன்றாகக் குணமாகக்கூடிய ஒன்றும் இதுதான். சரியான மருந்து கொடுத்தால் பெரும்பாலோர் சில வாரங்களில் தெளிந்து, சில மாதங்களில் பழையபடி ஆகிவிடுகிறார்கள். மனப்பிறழ்வுக்கான மருந்துகள் 1950-களிலிருந்தே இருக்கின்றன. 1987-ல் உங்கள் பெரியம்மாவுக்குத் தேவைப்பட்டது நல்ல மருத்துவமனையில் ஒன்றிரண்டு மாதம். இதை எழுதும்போது எனக்கு நெஞ்சு கனக்கிறது. எழுதாமலும் இருக்க முடியவில்லை, ஏனென்றால் அடுத்து நான் சொல்லப்போவது எல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

உங்களுக்கு வருமா? பெரியம்மா என்பது தாய், உடன்பிறந்தவள் என்ற நெருக்கத்துக்கு அடுத்த படி. உங்களுக்கு உள்ள அபாயம் மற்றப் பெண்களைவிடக் கொஞ்சம் கூடுதல், ஆனால் இப்போதும் சிறியதுதான். கணக்கு மாறுவது வேறு இடத்தில். உங்களுக்கே எப்போதாவது பல நாட்கள் தூக்கமே தேவைப்படாமல், மனம் பறந்து, பேச்சும் செலவும் கட்டுக்கடங்காமல் போனதுண்டா? எழுந்திருக்கவே முடியாத சோர்வு வாரக்கணக்கில் இருந்ததுண்டா? அம்மாவுக்கு உங்கள் பிரசவத்துக்குப் பிறகு அப்படி ஏதும் நடந்ததா? இதில் எதற்காவது 'ஆமாம்' என்றால் உடனே ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். இல்லை என்றாலும், அடுத்த பரிசோதனைக்குப் போகும்போது உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் "என் பெரியம்மாவுக்குப் பிரசவத்துக்குப் பிறகு மனநிலை பாதித்தது" என்று சொல்லி, அதை உங்கள் அட்டையில் எழுதச் சொல்லுங்கள். நர்ஸ் முன்னால் சொல்லக் கூச்சமாக இருந்தால் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். சர்க்கரை நோயும் ரத்தக்கொதிப்பும் குடும்பத்தில் இருக்கிறதா என்று கேட்டால் தயங்காமல் சொல்லிவிடுகிறோம் அல்லவா, அந்த வரிசையில் இதுவும் ஒன்று.

தூக்கத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தூக்கமின்மை இந்த நோயின் முதல் அடையாளம், அதைத் தூண்டிவிடுவதும் அதுவே. உங்களுக்கு ஒரு நல்ல வாய்ப்பு அமைந்திருக்கிறது. பிரசவம் ஏப்ரலில். விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் ஏப்ரல் 15-ல் தொடங்கி ஜூன் 14 வரை 61 நாள். நாள் கொஞ்சம் முன்பின் ஆனாலும் மிகவும் கவனிக்க வேண்டிய வாரங்களில் உங்கள் கணவர் பெரும்பாலும் கரையில் இருப்பார். வலை பின்னுவதும் படகுக்குப் பெயின்ட் அடிப்பதும் பகலில் நடக்கட்டும். ராத்திரியில் பால் கொடுத்த கையோடு குழந்தையை அவர் வாங்கிக்கொள்ள வேண்டும். ஏப்பம் விட வைப்பது, துணி மாற்றுவது, தூங்க வைப்பது எல்லாம் அவர் பொறுப்பு. நீங்கள் தொடர்ந்து நான்கைந்து மணி நேரமாவது கண்மூட வேண்டும். "ஆம்பளை செய்ற வேலையா" என்று யாராவது சொன்னால், டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்து என்று என் பெயரைச் சொல்லுங்கள்.

குழந்தை தூங்கும்போதும் உங்களுக்குத் தூக்கம் வராமல் இரண்டு ராத்திரி போனால், அல்லது யாரோ பேசுவது கேட்டால், குழந்தையைப் பற்றி விசித்திரமான எண்ணம் வந்தால், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இதை உங்களிடம் சொல்வதைவிட உங்கள் கணவரிடம் சொல்வதுதான் முக்கியம், ஏனென்றால் அந்த நேரத்தில் உங்களுக்கே அது நோய் என்று தோன்றாது. இந்தப் பகுதியை அவருக்குப் படித்துக் காட்டுங்கள். மனம் சம்பந்தமான எந்தச் சந்தேகத்துக்கும் 14416 என்ற அரசின் டெலி மானஸ் உதவி எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம். கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். அவசரம் என்றால் 108. இன்னொன்று, அழுகை, வெறுமை, குழந்தை மேல் ஒட்டாமை என்று மெதுவாக வரும் பிரசவ மனச்சோர்வு இதைவிடப் பல மடங்கு சாதாரணம். பத்துத் தாய்மாரில் ஒருவருக்கு மேல் வருகிறது. அதற்கும் சிகிச்சை இருக்கிறது.

சரி, இப்போது நினைவுக்கு வருவோம்.

மனோவசியம் வேண்டாம். மனித நினைவு பெட்டிக்குள் மடித்து வைத்த சேலை மாதிரி அப்படியே இருப்பதில்லை. ஒவ்வொரு முறை நினைக்கும்போதும் மனம் அதைப் புதிதாக நெய்கிறது, கையில் கிடைத்த புது நூலையும் சேர்த்தே நெய்கிறது. மனோவசியத்தில் நினைவு கூடுதலாகத் துல்லியம் ஆவதில்லை, அது உண்மைதான் என்ற நம்பிக்கை மட்டும் கூடுகிறது. கதைகளில் வருவதுபோலப் பூட்டிய அறை ஒன்று சடாரென்று திறந்துகொள்ளாது. அதற்குப் பதில், நடக்காத ஒன்றை நடந்ததாக வாழ்நாள் முழுக்க நம்பிக்கொண்டிருக்கும் ஆபத்து உண்டு.

ஐந்து வயது நினைவு நிற்கக்கூடியதே. ஓலைக் கொட்டகை, சாம்பிராணி வாசம், பிடித்திருந்த கை, ஒரு காலில் சங்கிலி, இவையெல்லாம் ஒரு குழந்தையின் கண்ணும் மூக்கும் எட்டுகிற உயரத்தில் இருப்பவை. நீங்கள் அங்கே போயிருக்கலாம் என்றுதான் எனக்குப் படுகிறது. ஆனால் "அவன் நல்லா இருக்கானா?" என்ற கேள்வி? உங்கள் முழுக் கடிதத்தையும் இரண்டு முறை படித்தேன். பதிவேட்டைப் பார்ப்பதற்கு முன்னால் நீங்கள் எழுதிய நாவல் பகுதியில் கொட்டகையும் சங்கிலியும் இருக்கின்றன, அந்தக் கேள்வி இல்லை. பதிவேட்டைப் பார்த்த பிறகு எழுதிய அத்தியாயத்தில்தான் அவள் முதன்முதலாக வாய் திறக்கிறாள். அவள் அப்படிக் கேட்டிருக்க முடியாது என்று நான் சொல்லவில்லை. அந்த வாக்கியத்தை வைத்து யாரையும் குற்றவாளி ஆக்க வேண்டாம் என்கிறேன்.

கொலை நடந்திருக்குமோ என்ற சந்தேகத்துக்கு வருகிறேன். உங்கள் கையில் இருப்பது ஒரு பூட்டு, ஒரு போட்டோ, ஓர் அரைஞாண், ஒரு பதிவேட்டு வரி. இவற்றைக் கொலைக்கதையாகவும் கோக்கலாம், நீங்கள் கோத்திருக்கிறீர்கள். நான் வேறு மாதிரி கோத்துப் பார்க்கிறேன்.

உங்கள் அம்மாச்சி தனுஷ்கோடிக்காரர் என்றும், 1964 டிசம்பர் புயலில் மூத்த மகனைப் பறிகொடுத்தவர் என்றும் கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருந்தீர்கள். அந்த ராத்திரியில் பாம்பனிலிருந்து வந்த ரயிலையே பயணிகளோடு கடல் கொண்டுபோனது. ஊரே வாழத் தகுதியற்றது என்று அரசாங்கம் அறிவித்தது. உடல்கூடக் கிடைக்காத பிள்ளை. அவன் பெயரையும் உங்கள் வீட்டில் யாரும் சொல்வதில்லை என்கிறீர்கள். அப்படியானால் பேசாமல் இருப்பது உங்கள் பெரியம்மாவிடமிருந்து தொடங்கவில்லை. இழப்பு வந்தால் அதைப் பற்றி வாய் திறக்கக் கூடாது என்பது அம்மாச்சி அந்தப் புயலிலிருந்து தூக்கிக்கொண்டு வந்த ஒரே சாமான் என்று எனக்குத் தோன்றுகிறது. இருபத்துச் சொச்சம் வருடம் கழித்து மகளுக்கு இப்படி ஆனபோது அவருக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

1987-ஐயும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். பாம்பன் சாலைப் பாலம் திறந்தது 1988 அக்டோபர் 2-ல். அதற்கு முன் தீவிலிருந்து வெளியே போக ரயிலையோ படகையோ விட்டால் வழி இல்லை. கத்திக்கொண்டிருக்கும் ஒரு பச்சை உடம்புக்காரியை ரயிலில் ஏற்றி மதுரை பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோக எத்தனை பேருக்குத் துணிவு வரும்? ஏர்வாடி தர்கா பக்கம். எல்லா மதத்தவரும் போகிற இடம். பைத்தியம் என்ற சொல்லை யாரும் முகத்தில் எறியாத இடம். குணமாகிவிட்டது என்று கனவில் உத்தரவு வரும்வரை காத்திருந்தவர்களை நானே பார்த்திருக்கிறேன். அந்த நம்பிக்கையை நான் குறைத்துப் பேச மாட்டேன். என் கோபம் சங்கிலியின் மேல். தர்காவைச் சுற்றி முளைத்திருந்த தனியார் காப்பகங்களில் மருந்தும் இல்லாமல் மருத்துவரும் இல்லாமல் ஆட்களைக் கட்டிப்போட்டுக் காசு வாங்கியதன் மேல்.

2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி விடியற்காலையில் அப்படி ஒரு காப்பகத்தின் ஓலைக் கொட்டகை தீப்பிடித்தது. 28 பேர் இறந்தார்கள். சங்கிலியில் இருந்ததால் ஓட முடியவில்லை. உங்கள் நாவலில் சங்கிலிப் பெண் ஊரையே நடுங்கவைக்கிறாள். நிஜத்தில் நடந்தது என்ன என்று இந்த எண்ணை வைத்துப் பாருங்கள்.

அவர்களில் உங்கள் பெரியம்மாவும் ஒருவரா? அவசரப்பட்டு முடிவுக்கு வராதீர்கள். அந்தத் தீக்குப் பிறகு அங்கிருந்த காப்பகங்கள் எல்லாம் மூடப்பட்டு, ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் மீட்கப்பட்டார்கள். பலர் குடும்பத்தோடு அனுப்பப்பட்டார்கள், சிலர் சென்னை கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அதற்கு முன்பே அவர் இறந்திருக்கலாம், அம்மாச்சி அவரை வேறு எங்காவது சேர்த்திருக்கலாம், எங்கோ உயிரோடும் இருக்கலாம். இருந்தால் அறுபதை ஒட்டிய வயதுதான். பதிவேட்டில் உள்ள பெயரை வைத்து, மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மனுவாகவோ தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழோ கேட்கலாம். மாவட்ட மனநலத் திட்ட அலுவலர்களும் உதவுவார்கள். ஆனால் மனு எழுதுவதற்கு முன் அம்மாவிடம் பேசியாக வேண்டும்.

உங்கள் நாவலில் அம்மாதான் உண்மையான வில்லி. அக்காளை அடைத்துவைத்துவிட்டு அவள் பிள்ளையைத் திருடிக்கொண்டவள். தங்கையே, உங்கள் அம்மாவுக்கு 1987-ல் என்ன வயது? நீங்கள் எழுதியபடி பார்த்தால் பத்தொன்பது. கடலில் இறங்கிப் பாசி எடுத்துக்கொண்டிருந்த பெண். கல்யாணம் ஆகவில்லை. அக்காளைத் தர்காவில் விட்டுவிட்டு வந்த வீட்டில் பச்சைக் குழந்தை பாலுக்கு அழுகிறது. அதை யார் தூக்கினார்கள்? மணமாகாத பெண் இடுப்பில் பிள்ளையோடு கரையில் நடந்தால் ஊர் வாய் சும்மா இருந்திருக்குமா? மூன்று வருடம் கழித்து ஒருவர் அந்தப் பிள்ளையோடு சேர்த்து அவரைக் கட்டிக்கொண்டார், அவர்தான் உங்கள் அப்பா. அண்ணனுக்கும் உங்களுக்கும் மீன் துண்டு வைப்பதில்கூட அம்மா வித்தியாசம் காட்டியதில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். போட்டோவில் முகத்தைச் சுரண்டியது யார் என்று தெரியாது. வெறுப்பில் சுரண்டியதாக நீங்கள் முடிவு கட்டிவிட்டீர்கள். பார்க்கத் தாங்காமலும் சுரண்டுவார்கள். நங்கூரச் சங்கிலிக்குக் காதைப் பொத்துகிற அம்மா குற்றத்தை மறைக்கிறார் என்பதைவிட, அந்தச் சத்தத்தை எங்கோ கேட்டுவிட்டு வந்தவர் என்றே எனக்குத் தோன்றுகிறது.

எப்படிக் கேட்பது? பதிவேட்டின் நகலைப் போலீஸ்காரர் மாதிரி எடுத்து முன்னால் போடாதீர்கள். எதிரே உட்கார்ந்தும் கேட்காதீர்கள். மீன் ஆயும்போதோ அரிசி புடைக்கும்போதோ பக்கத்தில் உட்காருங்கள். கைக்கு வேலை இருந்தால் வாய்க்குத் துணிவு வரும். வயிற்றுப் பிள்ளையிலிருந்து தொடங்குங்கள். "அம்மா, டாக்டர் கேக்கச் சொன்னாங்க, நம்ம வீட்டுல பிள்ளை பெத்த பெறகு யாருக்காச்சும் மனசு சரியில்லாமப் போச்சா?" இது பொய் இல்லை, நான் கேட்கச் சொல்கிறேன். "எதை மறைச்சீங்க" என்று கேட்டால் அம்மா தன்னைக் காத்துக்கொள்ள வேண்டியிருக்கும். இப்படிக் கேட்டால் மகளைக் காக்கிற இடத்தில் அம்மா நிற்பார். முப்பத்தெட்டு வருடமாக அவர் பழகிய இடம் அது.

முதல் நாள் பதில் வராது. எழுந்து போய்விடுவார், அல்லது வேறு பேச்சை எடுப்பார். விட்டுவிடுங்கள். கதவு ஒன்று இருக்கிறது என்று தெரிந்துவிட்டது அல்லவா, அவராகவே ஒரு நாள் வருவார். பேசும்போது மூச்சு வாங்கினால், உடம்பு நடுங்கினால் பேச்சை நிறுத்திவிட்டுக் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், தண்ணீர் கொடுங்கள். அம்மாவுக்கும் ஒரு மருத்துவரோ மனநல ஆலோசகரோ தேவைப்படலாம்.

அண்ணனிடம் நீங்கள் சொல்லக் கூடாது. அதைச் சொல்லும் உரிமையும் கடமையும் அம்மாவுக்கு. அண்ணனுக்குத் தெரிய வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பெற்றவள் வேறு என்பதைவிட, எல்லாருக்கும் தெரிந்தும் தன்னிடம் மட்டும் சொல்லவில்லை என்பதுதான் இப்படிப்பட்டவர்களை அறுக்கும். அதிலும் ஒரு நாவலின் வழியாகத் தெரியவந்தால் அதை ஆற்றவே முடியாது.

ஆனால் ஒன்று உங்கள் கண்ணில் படவில்லை போலிருக்கிறது. அண்ணன் கல்யாணம் கோயிலில்தான் நடந்தது என்கிறீர்கள். கோயில் கல்யாணத்துக்கு ஞானஸ்நானச் சான்றிதழ் புதிதாக எடுத்துக் கொடுக்க வேண்டும். அதில் பெற்றோர் பெயர் இருக்கும். அது நீங்கள் பார்த்த அதே பதிவேட்டிலிருந்து எழுதித் தருவது. அண்ணனே போய் வாங்கியிருந்தால், பத்து வருடமாக அவருக்குத் தெரியும். அம்மா மனசு உடைந்துவிடக் கூடாது என்று அவர் பேசாமல் இருக்கிறார், அண்ணன் மனசு உடைந்துவிடக் கூடாது என்று அம்மா பேசாமல் இருக்கிறார், இருவருக்கும் தெரியாமல் நீங்கள் நாவல் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். அப்படி இல்லாமலும் இருக்கலாம். ஆனால் அம்மாவிடம் பேசும்போது இந்தச் சாத்தியத்தை மனதில் வைத்திருங்கள், ஒருவேளை அவருடைய பயத்தில் பாதி அங்கேயே குறையும்.

நாவலை எரிக்கச் சொல்ல மாட்டேன். உங்கள் கடிதத்தின் நடையே சொல்கிறது, உங்களுக்கு எழுத வரும். ஆனால் பெரியம்மாவைக் கொலைகாரி ஆக்காதீர்கள், இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். மனநோயாளிகள் பிறரைத் தாக்குவதைவிடப் பிறரால் தாக்கப்படுவதே அதிகம். மனப்பிறழ்வும் இரட்டை ஆளுமையும் வேறு வேறு, கதைகள்தான் இரண்டையும் குழப்பிவிட்டன. இந்த நாவலை உங்கள் ஊரில் படிக்கப்போகிற ஒரு மாமியாரை நினைத்துக்கொள்ளுங்கள். ஆறாம் நாள் மருமகள் தூங்காமல் பிதற்றும்போது அவர் ஆஸ்பத்திரிக்கு ஓடுவாரா, கதவைப் பூட்டுவாரா என்பது அவர் கேட்டு வளர்ந்த கதைகளையும் பொறுத்தது. திகில் வேண்டுமென்றால் உங்கள் வீட்டில் நிறைய இருக்கிறது. யாருக்கு எவ்வளவு தெரியும் என்று தெரியாமல் மூன்று பேர் ஒரே சட்டியில் சாப்பிடுகிறார்களே, அதைவிடவா ஒரு கத்தி பயமுறுத்திவிடும்? அம்மாவும் அண்ணனும் படித்துச் சம்மதித்த பிறகு வெளியிடுங்கள். குழந்தை பிறந்து சில மாதம் ஆகட்டும். ராத்திரி கண்விழித்து எழுதுவதை இன்றோடு நிறுத்துங்கள்.

காலம் மாறியிருக்கிறது என்பதையும் அம்மாவிடம் சொல்லுங்கள். 2017-ஆம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டம் யாரையும் எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்கிறது. மனநலச் சிகிச்சையில் இருக்கும் தாயிடமிருந்து மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளையைச் சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் தாயையும் சேயையும் சேர்த்தே வைத்துப் பார்க்கும் பிரிவு 2009-லிருந்து இருக்கிறது. ஏர்வாடியிலேயே 'தவா – துவா' என்று மருந்தும் பிரார்த்தனையும் சேர்ந்து நடக்கிறது. உங்களுக்கே ஏதாவது ஆனாலும், உங்கள் பிள்ளையை யாரும் தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை.

பூட்டை என்ன செய்வது என்று கடிதத்தின் முடிவில் கேட்டிருந்தீர்கள். அம்மாவிடமே இருக்கட்டும். தடயம் என்று திரும்ப எடுக்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. பதினொரு பக்கக் கடிதத்தில் ஓர் இடத்தில்கூட நீங்கள் அவர் பெயரை எழுதவில்லை. 'அவள்', 'அந்தப் பெண்', 'சங்கிலிக்காரி'. பதிவேட்டில் இருப்பது ஞானஸ்நானப் பெயர். வீட்டில் கூப்பிட்டது வேறாகத்தான் இருக்கும். தங்கச்சியாகப் பிறந்தவருக்கு அது மறந்திருக்காது. அம்மாவிடம் அதைக் கேளுங்கள். எனக்கு எழுத வேண்டாம்.